நான் கட்டை, அவன் போல்ட்

என் தம்பியின் வலது கையில் நான்கு விரல்கள் போய்விட்டன. கவனக்குறைவு என்கிறது கம்பெனி. அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நானும் அவனும் ஒரே நாளில் அந்த பிரஸ் கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவர்கள். கார் கதவுக்குத் தகடு அடிக்கிற இடம். தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சை டை என்போம். ஒரு டையைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவதுதான் நாங்கள் கற்க வந்த வேலை. டைக்கு மேலே பிரஸ்ஸின் மேல்தலை மலை மாதிரித் தொங்கும். மோட்டாரை நிறுத்தினாலும் பெரிய சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். மேல்தலை எப்போது சறுக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் நடுவில் ஓர் இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்த பிறகுதான் உள்ளே கை போக வேண்டும்.

பயிற்சிப் பட்டறையில் எங்களை இரண்டிரண்டு பேராகத்தான் விட்டார்கள். முதல் வருஷம் ஒருவர் கட்டை வைப்பார், மற்றவர் போல்ட் முடுக்குவார். ஒருவர் வேலையை மற்றவர் தொடக் கூடாது. ஒன்றாவது தூக்கத்தில்கூடத் தப்பாமல் வரட்டும் என்பது கணக்கு. இரண்டாம் வருஷம் மாற்றிக்கொள்ள வேண்டும், அதற்குப் பிறகுதான் தனியாக. நான் கட்டை, அவன் போல்ட்.

“உன்னுது ராஜ உத்தியோகம்க்கா. கட்டைய வச்சுட்டுக் கையக் கட்டிக்கிட்டு நிக்கலாம்” என்று கிண்டல் செய்வான்.

“நான் வைக்கலன்னா உனக்குக் கட்டிக்கக் கையே இருக்காதுடா.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். என் வாயில் மண்ணைப் போட.

பள்ளிக்கூடத்தில் எதிலும் தேறாதவன் அவன். அம்மாவே தண்ணீர் தெளித்து விட்டிருந்தாள். ஸ்பானரைப் பிடித்த பிறகுதான் தெருவில் நிமிர்ந்து நடந்தான். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அம்மாவுக்கே போல்ட் முடுக்கும் வரிசையைப் பாடம் நடத்துவான்.

வருஷம் முடிந்ததும் பட்டறையை மூடிவிட்டார்கள். வாத்தியாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் அட்டைப் பெட்டிகளை அடுக்கினார்கள். ஓடுகிற பிரஸ்ஸில் நின்று கற்றுக்கொள்ளட்டும் என்றார் மேனேஜர். என்னைத் தகடு சரிபார்க்கும் பிரிவில் போட்டார்கள். தம்பி தனியாகப் பெரிய பிரஸ்ஸுக்குப் போனான்.

சூப்பர்வைசரிடம் சொல்லத்தான் செய்தேன். “சார், நாங்க இன்னும் மாத்திக்கலையே.”

“ஒரு வருஷமா பக்கத்துல நின்னு பாத்தவன்தானே? இதென்ன பெரிய வித்தையா?”

அடிபட்ட அன்று அவசரமாக டையை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்தில் ஆள் இல்லை. தம்பி மோட்டாரை நிறுத்தி, டையைத் தள்ளி உட்கார வைத்து, ஸ்பானரோடு கையை உள்ளே விட்டான். பழகின கை, அதுபாட்டுக்குப் போனது. கட்டை சுவரோரமாகக் கிடந்தது. கடைசி போல்ட்டை முடுக்கிவிட்டுக் கையை இழுக்கும்போது மேல்தலை இறங்கிவிட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு மேனேஜர் பழப்பையோடு வந்தார். கட்டிலருகே நின்று என்னிடம் பேசினார்.

“ட்ரெய்னிங் எடுத்த பையன். தெரிஞ்ச வேலைதான். ஒரு நிமிஷம் அசந்துட்டான், பாவம்.”

“ஆமா சார், மறந்துட்டேன்” என்றான் தம்பி. “என் தப்புதான்.”

தப்பு அவனுடையது என்றால் வேலை போய்விடும், கம்பெனி கையைக் கழுவிவிடும். அது அவனுக்கும் தெரியும். இருந்தும் தலையாட்டினான். வேலை தெரியாதவன் என்பதைவிட மறந்தவன் என்பது அவனுக்குக் கௌரவமாக இருந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை.

“மறக்கல சார். மறக்கறதுக்கு மொதல்ல தெரிஞ்சிருக்கணும். அவன் ஒரு தடவகூடக் கட்டை வச்சதில்ல. எனக்கு போல்ட் முடுக்கத் தெரியாது. ஆளுக்குப் பாதி கத்துக் குடுத்துட்டுப் பட்டறைய மூடினது நீங்க. யார்கிட்ட வேணும்னாலும் வந்து சொல்றேன்.”

“அப்புறம் பேசலாம்மா” என்று அவர் கிளம்பிவிட்டார். பழப்பை ஸ்டூலில் இருந்தது.

“எனக்கு வேலை தெரியாதுன்னு அவர்கிட்டயே சொல்லிட்டியேக்கா” என்றான் தம்பி. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. அடிபட்டதிலிருந்து அவன் அழுதது அப்போதுதான். நான் செய்தது சரி என்று இன்றைக்கும் சொல்வேன், ஆனால் அந்த நேரத்தில் என் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது.

வெகுநேரம் கழித்துத் திரும்பாமலேயே கேட்டான். “டை நேரா உக்காந்துச்சா? போய்ப் பாத்தியா?”

காலையில் கம்பெனிக்குப் போய்ப் பார்த்திருந்தேன். மயிரிழை பிசகவில்லை. ரத்தத்தைத் துடைத்துவிட்டு வேறு ஆளை நிறுத்தியிருந்தார்கள்.

“நேராத்தான்டா இருக்கு. காலையிலேருந்து அதுலதான் ஓட்டுறாங்க.”

மெதுவாக என் பக்கம் திரும்பினான். “பாத்தியா?” என்றான். முகமெல்லாம் பெருமை.