முதுகைக் காட்டிய கப்பல்

மே மாத விடுமுறையின் கடைசி நாள். ஊர் திரும்பும் ரயிலுக்கு மதியம் ஒரு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். காலை ஒன்பதுக்கே டெபோரா, திருவொற்றியூரில் அக்கா ஐரீன் வீட்டு மொட்டைமாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் படம் வரையும் அட்டையைச் சாய்த்து வைத்துவிட்டாள்.

மூன்று வருடமாக, எந்த விடுமுறைக்குக் கிளம்பினாலும் குவாஷ் என்ற நீர்வண்ணக் குழாய்கள் பதினான்கு அவள் பையில் கூடவே போகும். ஊட்டி பார்த்தன, வேளாங்கண்ணி பார்த்தன. ஒரு படமும் முடிந்ததில்லை. பாதி ஏரி, கால்வாசி கோபுரம், அதற்குள் யாராவது சாப்பிடக் கூப்பிடுவார்கள். அடுத்த பூச்சு எங்கே கெடுத்துவிடுமோ என்று தூரிகையைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பவளுக்கு, அந்தக் குரல் ஒரு விடுதலை. இது அவளுக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

"இந்தத் தடவையும் முடிக்கலைன்னா கலரெல்லாம் எனக்கு" என்று மகள் வினிதா கோயம்புத்தூரிலேயே பேசி முடித்திருந்தாள். பன்னிரண்டு வயதுதான். ஆனால் சொன்னதைச் செய்கிற பெண்.

சாலையில் கன்டெய்னர் லாரிகள் வால்பிடித்து நின்றன. அதைத் தாண்டிக் கருங்கல் கொட்டிய கரை. அப்பால் கடலில், துறைமுகத்துக்குள் போக முறை வரும்வரை நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் கப்பல்கள். ஒன்று பக்கவாட்டில் நீளமாகக் கிடந்தது. துருச்சிவப்பு உடம்பு, தெற்கே நீட்டிய மூக்கு. அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் சும்மா இருந்தாள். பிறகு கை ஓடியது. வானம் ஆயிற்று, கடல் ஆயிற்று, கப்பலின் உடம்பும் ஆயிற்று.

"அடியே, இட்லி ஆறிகினு கீது! வரியா, நானே மேல வரவா?" என்று கீழிருந்து ஐரீன் கத்தினாள்.

போனாள். இட்லியோடு பெட்டி கட்டும் வேலையும் ஒட்டிக்கொண்டது. வினிதாவோடு திரும்ப ஏறி வந்தபோது மணி பதினொன்றரை.

கப்பலைக் காணோம். அந்த இடத்தில் குட்டையும் பருமனுமாக வேறொன்று, தலையில் வெள்ளை மாடிவீடு ஒன்றைச் சுமந்துகொண்டு நின்றது.

இரவு வேலை முடிந்து தூங்கி எழுந்த சைமன் டீ கிளாஸுடன் மேலே வந்தார். ஐரீனின் கணவர், துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை.

"மாமா, என் கப்பல் போயிடுச்சு!" என்றாள் டெபோரா.

"எங்க போவும்? அதே கப்பல்தாம்மா." அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "காலைல தெக்கத்திக் காத்து. இப்ப கடல்லேர்ந்து காத்து வந்துச்சா? நங்கூரம் போட்ட கப்பலு கட்டிப்போட்ட மாடு மாதிரி. காத்து வர்ற பக்கம் மூஞ்ச திருப்பிக்கும். உனக்கு முதுகக் காட்டிகினு கீது, அவ்ளோதான்."

"எப்ப பழையபடி திரும்பும்?"

"பொழுது சாஞ்சப்புறம் பாக்கலாம்."

"கலர் எனக்கு" என்றாள் வினிதா.

டெபோரா படத்தையும் கப்பலையும் மாறி மாறிப் பார்த்தாள். சைமனே டீயை உறிஞ்சும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார். குவாஷ் சுண்ணாம்புபோல அடைத்து நிற்கும். அடர்ந்த நிறத்தின்மேல் வெளிர் நிறம் பூசினாலும் மூடிவிடும். புத்தகங்களில் எத்தனையோ முறை படித்தாயிற்று. ஒருமுறையும் செய்து பார்த்ததில்லை.

கடல் நீலத்தைக் குழைத்து, கப்பலின் நீண்ட மூக்கின்மேல் ஒரே இழுப்பாக இழுத்தாள். தண்ணீர் அதிகம். அடியிலிருந்த சிவப்பு கரைந்து கடலெல்லாம் ரோஸ் நிறம்.

"கலீஜாப் பூட்ச்சே!" என்றார் சைமன்.

"ஆகட்டும் மாமா."

தூரிகையைப் பிழிந்தாள். இந்த முறை தயிர்ப் பதத்தில் வண்ணம். மூக்கு மறைந்தது. பிறகு கப்பலின் குட்டை முதுகைச் சிவப்பில் போட்டாள். வெயில் சூட்டில் பூச்சு சீக்கிரம் காய்ந்தது. காய்ந்த சிவப்பு வெளிறியது. இன்னும் அழுத்திப் பூசினாள். அதன்மேல் வெள்ளை மாடிவீடு எழுந்தது.

"அந்தப் புகைபோக்கி இன்னும் உசரம்!" சைமன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "போடு, அப்டித்தான்!"

"அம்மா, சன்னல்! சன்னலை விட்டுட்டே!" வினிதா தன் பேரத்தையே மறந்து வண்ணக் குழாயைத் திறந்து நீட்டினாள்.

"உன் வூட்டுக்காரு ஆட்டோல உக்காந்துகினு கீறாருடி!" ஐரீனின் குரல் மாடிப்படி ஏறி வந்தது.

டெபோராவின் கால் வழக்கம்போல எழுந்தது. கை எழவில்லை.

"இரு அக்கா!" என்று கத்தினாள். அந்தக் குரல் அவளுக்கே புதிது.

சைமன் குனிந்து பார்த்தார். "எல்லாம் கரீட்டு. பேரு எங்க? கப்பலுக்கு முதுகுலதாம்மா பேரு எழுதியிருக்கும். அதுக்குக் கீழ அதோட ஊரு."

இத்தனை தூரத்தில் அந்தக் கப்பலின் பெயரை யார் படிக்க முடியும்? மிக மெல்லிய தூரிகையை எடுத்தாள். துருச்சிவப்பின்மேல் வெள்ளையில் எழுதினாள்: டெபோரா. அதன் கீழே: திருவொற்றியூர்.

ஆட்டோவில் படத்தை மடியில் வைத்திருந்தாள். குழாய்கள் இருந்த பை வினிதாவின் கையில்.

"கலரு?" என்று கேட்டாள் டெபோரா.

"சும்மா தூக்கிட்டு வரேம்மா. படத்துல கை வைக்காத, பேரு இன்னும் காயல."