நாற்பத்தொரு சத்தங்கள்

மூணாவது பெட்டியோட விலையைப் பார்த்த அன்னிக்கே எனக்கு மண்டை சூடாயிடுச்சு. எங்க வீட்டு வாடகையில பாதி. உள்ளே என்னன்னா, நாலு சிடி, சட்டையில்லாம நிக்கிற ஒரு போஸ்டர், பழைய டிக்கெட் மாதிரியே அச்சடிச்ச ஒரு காகிதம், கிட்டார் மீட்டுற பிளாஸ்டிக் வில்லை ஒண்ணு. அந்த வில்லையை அவர் கண்ணால பார்த்தது கூட கிடையாது, எங்கேயோ மூட்டை மூட்டையா அடிச்சு வாங்கினது. அதே கச்சேரியை ஏற்கெனவே ரெண்டு தடவை வித்தாச்சு, முதல்ல சிடியா, அப்புறம் எல்பி ரெக்கார்டா. இப்ப "புதுசா மெருகேத்தினது"ன்னு மூணாவது தடவை. வாங்கறவன் இளிச்சவாயன்னு முடிவே பண்ணிட்டாங்க.

நான் வாங்கினேன். கோபமே அதான்.

அவர்னு சொன்னது பெருசை. ராக் பாடகர், எழுபத்திநாலு வயசு, இன்னும் கிட்டாரை மாட்டிக்கிட்டு மேடையில குதிக்கிற ஆள். எங்க குரூப்பில யாரும் அவர் பேரைச் சொல்றதில்லை, பெருசுதான். ஃபோன்ல இருக்கிற அந்தக் குரூப்புக்குப் பேரு 'முன்வரிசை'. அறுநூறு பேர். அதுல முக்கால்வாசிப் பேர் முன்வரிசையில நின்னதே இல்லை.

பாட்டு எழுதறதை பெருசு எப்பவோ விட்டுட்டார். இப்ப வர்றதெல்லாம் பழைய கச்சேரிப் பதிவுங்கதான், வருஷத்துக்கு ஒரு பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்கும் குரூப்பில ஒரு மாசம் சண்டை நடக்கும்.

குரூப்பை நடத்துறவர் பல்டாக்டர். எல்லாப் பெட்டியிலயும் ரெண்டு ரெண்டு வாங்குவார். ஒண்ணு கேக்கறதுக்கு, ஒண்ணு பிரிக்காம வைக்கிறதுக்கு. "விலை அதிகம்னா வாங்காதீங்க, யாராவது கழுத்தைப் பிடிச்சாங்களா?"ன்னு அவர்தான் ஆரம்பிப்பார். பல்லு பிடுங்கியே வீடு கட்டினவருக்கு அப்படித்தான் பேச வரும். கூரியர்னு ஒருத்தன், பார்சல் வண்டி ஓட்டுறவன், உடனே வந்துடுவான்: "மூவாயிரம் பெட்டி போட்டாங்க, ஆயிரத்து இருநூறுதான் போயிருக்கு. இப்படியே கொள்ளையடிச்சா அடுத்ததுக்கு அதுவும் போகாது." விக்கலைன்னா விலை குறையும்னு ஒரு கோஷ்டி. விக்கலைன்னா அடுத்த பெட்டியே வராதுன்னு ஒரு கோஷ்டி. நான் ரெண்டு கோஷ்டியிலயும் இல்லை. ரெண்டையும் திட்டுற கோஷ்டி.

என் பிரச்சினை வேற. நான் லிஃப்ட் மெக்கானிக். பத்தொன்பது வருஷமா லிஃப்ட் ஓடுற இருட்டுக் கிணத்துக்குள்ள நின்னு சத்தம் கேக்கறதுதான் வேலை. லிஃப்ட் பெட்டி ஏழாவது மாடியைத் தாண்டும்போது 'டக்'னு ஒரு சத்தம் வந்தா, எந்த ரோலர், எந்தப் பக்கம்னு கதவைத் திறக்காமலே சொல்லிடுவேன். எங்க தொழில்ல சத்தம்னா கோளாறு. எந்த மாடி, என்ன சத்தம், எத்தனை தடவைன்னு சர்வீஸ் தாள்ல எழுதி, ஆளைக் கூட்டிட்டுப் போய் எடுத்துடணும். அவ்வளவுதான்.

அந்தக் காதை வெச்சுக்கிட்டு மூணாவது பெட்டியைக் கேட்டேன் பாருங்க. பெருசு உருகிப் பாடிக்கிட்டு இருக்கார், நடுவுல எவனோ விசில் அடிக்கிறான். கிட்டார் அடங்கி ஒரே ஒரு கம்பி மட்டும் அதிருது, எவனோ தும்முறான். ஒருத்தி பாட்டு முழுக்கத் தோழிகிட்ட பார்க்கிங்கைப் பத்திப் புலம்புறா. இவ்வளவு விலை கொடுத்து நான் ஏன் அவ வண்டிக் கதையைக் கேக்கணும்?

ரெண்டு வாரம் உக்காந்து பட்டியல் போட்டேன். சிடி எண், நிமிஷம், செகண்ட், என்ன சத்தம். சர்வீஸ் தாள் மாதிரியே. மொத்தம் நாற்பத்தொண்ணு. கீழே ஒரு வரி: ஒண்ணு விலையைக் குறைங்க, இல்லைன்னா இந்தக் கத்துறவனுங்களை எடுங்க. குரூப்பில போட்டேன். முந்நூத்தி எண்பது பேர் கையெழுத்து. பல்டாக்டரே போட்டார். அவர்தான் கம்பெனிக்கு அனுப்பியும் வெச்சார்.

கூரியர் மட்டும் போடலை. "கூட்டம் கத்தாத கச்சேரி எதுக்குடா? பெருசு அவர் வீட்டு ஹால்ல உக்காந்து பாடிட்டுப் போகலாமே"ன்னான்.

"உனக்கு வண்டி ஹாரனும் கிட்டாரும் ஒண்ணு. நீ பேசாதே"ன்னு நான் அவனைக் கிழிச்சுத் தொங்கவிட்டேன். அறுபது பேர் சிரிச்சாங்க. எனக்கு ரொம்பப் பெருமையா இருந்துச்சு.

மூணு மாசம் கழிச்சுப் பதில் வந்துச்சு. விலையைக் குறைக்க வழியில்லை, ஆனா இனி வர்ற பெட்டிங்கள்ல கூட்டத்தோட இடைஞ்சல் எல்லாம் நீக்கப்படும், ரசிகர்களுக்கு நன்றின்னு. குரூப்பில அன்னிக்கு நான்தான் மாப்பிள்ளை. பல்டாக்டர் எனக்கு மாலை போட்ட மாதிரி ஒரு படம் செஞ்சு அனுப்பினார்.

அடுத்த வாரமே நாலாவது பெட்டி அறிவிச்சாங்க. எந்தக் கச்சேரின்னு படிச்சதும் கையில இருந்த ஸ்பேனரைக் கீழே வெச்சுட்டேன்.

பதினாலு வருஷத்துக்கு முன்னாடி, மழை விட்டும் விடாத ஒரு சாயங்காலம், திறந்தவெளி மைதானம். நானும் எங்க அண்ணனும் போயிருந்தோம். அண்ணன் ஜன்னல் கண்ணாடி பொருத்துறவர். பத்தாவது மாடியில நின்னு கீழே இருக்கிற ஆளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவர் தொண்டை அப்படி ஆயிடுச்சு, வீட்ல உப்பு கேட்டாலே பக்கத்து வீட்டுக்காரன் எடுத்துட்டு வருவான். ரெண்டு பாட்டுக்கு நடுவுல பெருசு தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தார். மைதானமே கொஞ்சம் அமைதியா இருந்துச்சு. அண்ணன் கத்தினார்: "பெருசு, ஏணிப் பாட்டை எடு, நாங்க ஏறத் தயார்."

பெருசு நிமிர்ந்து எங்க பக்கம் பார்த்தார். மைக்ல சொன்னார்: "பொறுப்பா, எனக்கு வயசாகுது. உனக்குத்தான் அடுத்த பாட்டு." மைதானமே சிரிச்சுது. சொன்ன மாதிரியே ஏணிப் பாட்டைப் பாடினார்.

அண்ணன் அதை எத்தனை தடவை சொல்லியிருப்பார்னு கணக்கே இல்லை. அண்ணி நம்பவே மாட்டாங்க. "இருபதாயிரம் பேர்ல உங்களைத்தான் பார்த்தாராக்கும்"பாங்க. நான் சாட்சி சொன்னா, "நீ உங்க அண்ணனுக்கு ஜால்ரா, உன்னை யார் கேட்டா"ன்னு வாயை அடைச்சிடுவாங்க. அண்ணனுக்கு மூக்கு சிவந்திடும். "ஒருநாள் அந்தப் பதிவு வெளியே வரும், அப்ப கேளு"ம்பார்.

ஆறு வருஷத்துக்கு முன்னாடி அண்ணன் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவர், எழுந்திருக்கவே இல்லை.

அவர் குரல் எங்கேயும் இல்லை. அவ்வளவு சத்தமா வாழ்ந்த மனுஷனுக்கு ஒரு பதிவு கூட இல்லை. கேமராவைக் கண்டா நகர்ந்துடுவார். வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கன்னா கட்டைவிரல் படம்தான் அனுப்புவார். அண்ணி ஒருநாள் என்கிட்ட, "முகம் ஞாபகம் இருக்கு தம்பி, ஃபோட்டோ இருக்கு. குரல்தான் போய்க்கிட்டே இருக்கு, பிடிச்சு வைக்க முடியலை"ன்னாங்க. தண்ணி வேணுமான்னு கேட்டேன்.

அதனால அறிவிப்பைப் பார்த்ததும் நேரா அவங்க வீட்டுக்குத்தான் போனேன். திரைச்சீலை தைக்கிற வேலை அவங்களுக்கு. மெஷின்ல உக்காந்திருந்தாங்க. விஷயத்தைச் சொன்னேன். மெஷினை நிறுத்தினாங்க. "நிஜமாவே அவர் கத்தினது அதுல இருக்குமா?"ன்னு கேட்டாங்க.

"இல்லாம எங்க போகும் அண்ணி? மைதானத்துக்கே கேட்டுதே"ன்னேன்.

இதை எழுதும்போது என்னையே அறையலாம் போல இருக்கு. பட்டியல் போட்டவன் நான். கம்பெனியோட பதிலைப் படிச்சு மாலை வாங்கிக்கிட்டவன் நான். ஆனா அந்த ரெண்டும் ஒண்ணுன்னு எனக்கு உறைக்கவே இல்லை. கத்துறவன்னா எவனோ ஒருத்தன். அண்ணன் எப்படி எவனோ ஒருத்தன் ஆவார்?

இதுக்கு நடுவுல நாலாவது பெட்டியோட விலை வந்துச்சு. மூணாவதை விடக் கூடுதல். ஒலியைச் சுத்தப்படுத்தின செலவாம். குரூப்பே கொதிச்சுது. யாரும் வாங்கக் கூடாது, ஒரு பெட்டி கூட விக்கக் கூடாதுன்னு முடிவாச்சு. முன்ன நின்னு நடத்த ஆள் வேணும்னாங்க. என்னைப் போட்டாங்க. நானும் வாய் கிழியப் பேசிட்டு, அன்னிக்கே ரகசியமா ஒரு பெட்டிக்கு ஆர்டர் கொடுத்தேன்.

கொண்டுவந்து கொடுத்தவன் யாருன்னு நினைக்கிறீங்க? கூரியரேதான். எந்த வண்டியில எந்தத் தெருவுக்கு வருவான்னு எனக்கு எப்படித் தெரியும். வாசல்ல நின்னு பார்சல் மேல இருந்த கம்பெனி பேரையும் என் பேரையும் படிச்சான், என்னைப் பார்த்தான், மறுபடி படிச்சான்.

"தலைவரே, கையெழுத்து"ன்னான்.

"யார்கிட்டயும் சொல்லாதே, காரணம் இருக்கு"ன்னேன்.

"நான் ஏன் சொல்லப்போறேன்"னான். அவன் வண்டி தெருமுனை திரும்பறதுக்குள்ள குரூப்பில நான் நாறிட்டேன்.

பரவாயில்லைன்னு விட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை காலையில பெட்டியை எடுத்துக்கிட்டு அண்ணி வீட்டுக்குப் போனேன். அண்ணி ஹாலைக் கூட்டி, தைக்க வந்த துணியையெல்லாம் உள்ளே வெச்சுட்டு, விருந்தாளி வர்ற மாதிரி புடவை மாத்திக்கிட்டு உக்காந்திருந்தாங்க. ரெண்டாவது சிடி, ஆறாவது பாட்டுக்கு முன்னாடி. நேரா அங்கயே போட்டேன்.

பாட்டு முடிஞ்சுது. கைதட்டல் வந்துச்சு, கத்தரிச்ச மாதிரி நின்னுச்சு. அப்புறம் ஒண்ணுமே இல்லை. நாலு செகண்ட். எங்கயும் ஒரு இருமல் இல்லை, விசில் இல்லை, மழை கூட இல்லை.

"பொறுப்பா, எனக்கு வயசாகுது. உனக்குத்தான் அடுத்த பாட்டு"ன்னு பெருசு சொன்னார். யாரும் சிரிக்கலை. ஏணிப் பாட்டு ஆரம்பிச்சுது.

அண்ணி வாயில கையை வெச்சுக்கிட்டாங்க. "அப்ப உங்க அண்ணன் கதை விடலை"ன்னாங்க. கண்ணுல தண்ணி. "எட்டு வருஷம் கேலி பண்ணியிருக்கேனே தம்பி. ஒரு தடவையாவது சரி, நம்பறேன்னு சொல்லியிருக்கலாம்." முகத்தைத் துடைச்சுக்கிட்டு என்னைப் பார்த்தாங்க. "அவர் குரல் எங்க?"

அப்பதான் எல்லாம் ஒட்டுமொத்தமா உறைச்சுது. இருந்தும் கோழை மாதிரி, "மைக்குக்கு எட்டலை போல அண்ணி"ன்னேன்.

"அவர் குரலா எட்டலை?"ன்னாங்க.

அண்ணி பெட்டியில இருந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினாங்க. கூட்டத்தோட படத்துல அண்ணன் தலை எங்கயாவது தெரியுதான்னு தேடினாங்க. கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் நின்னாங்க. நிதானமா, எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி சத்தமாப் படிச்சாங்க: "இடைஞ்சல்களை நீக்க நாற்பத்தொரு குறிப்புகள் தந்து வழிகாட்டிய ரசிகருக்கு எங்கள் நன்றி." அதுக்குக் கீழே என் பேரு. முழுப்பேரு, இனிஷியலோட.

"இதுல உன் பேரு எதுக்குத் தம்பி போட்டிருக்கு?"

சொன்னேன். பட்டியல், கையெழுத்து, கம்பெனி பதில், மாலை போட்ட படம், எல்லாத்தையும் சொன்னேன். பாட்டு பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு. அவ்வளவு சுத்தமான பதிவை நான் கேட்டதே இல்லை, பெருசு மூச்சு இழுக்கறது கூடக் கேட்டுச்சு. பையில என் ஃபோன் அதிர்ந்துக்கிட்டே இருந்துச்சு. எடுத்துப் பார்த்தேன். பல்டாக்டர், அவரும் ரகசியமா வாங்கின பெட்டியைக் கேட்டுட்டு, எனக்குத் தனியா எழுதியிருந்தார்: "லிஃப்ட்டு, துரோகின்னாலும் நீ தெய்வம்யா. ஒரு பய சத்தம் கூட இல்லை." ஃபோனை அணைச்சுக் கவுத்து வெச்சேன்.

அண்ணி திட்டுவாங்கன்னு உக்காந்திருந்தேன். திட்டியிருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும். புத்தகத்தை மூடி, பெட்டிக்குள்ள பழைய மடிப்பு மாறாம வெச்சாங்க.

"திரும்பப் போடு"ன்னாங்க.

போட்டேன். பாட்டு முடியப்போற நேரத்துல சொன்னாங்க: "நீதானே எடுத்த. நீயே கத்து."

"அண்ணி..."

"என்ன சொன்னார்னு உனக்குத் தெரியுமில்ல? பக்கத்துலதானே நின்ன? கத்து."

கைதட்டல் வந்துச்சு, கத்தரிச்ச மாதிரி நின்னுச்சு. அந்த ஒண்ணுமில்லாதது வந்துச்சு. நான் வாயைத் திறந்தேன். அண்ணி முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். "பெரு..."ன்னு ஆரம்பிக்கறதுக்குள்ள, "பொறுப்பா, எனக்கு வயசாகுது"ன்னு அவர் பதில் சொல்லி முடிச்சிட்டார்.

அண்ணி ரிமோட்டை என் கையில இருந்து வாங்கி, மறுபடி பின்னால ஓட்டினாங்க.