மாடி ஜன்னலில் மூன்று தட்டு

இரண்டு ஷில்லிங் எட்டுப் பென்னி. ஏமஸ் ஃபிட்டன் ஹெட்டி ஆக்டனுக்குத் தரவேண்டிய பாக்கி அவ்வளவுதான். விடியுமுன் வந்து நீண்ட கோலால் மாடி ஜன்னலைத் தட்டி எழுப்ப அவளுக்கு வாரக்கூலி இரண்டு பென்னி. பதினாறு வாரம் ஏறிவிட்டது. அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் வேலை பார்த்த பஞ்சு மில் வாரத்துக்கு மூன்று நாள்தான் ஓடியது. ரொட்டிக்கும் கரிக்கும் போக, கையில் எதுவும் நிற்கவில்லை.

ஹெட்டி சண்டை போடவில்லை. ஒரு திங்கட்கிழமை அவன் ஜன்னலைத் தாண்டிப்போய் அடுத்த ஜன்னலைத் தட்டினாள். அந்த வாரமே ஏமஸ் இரண்டு தடவை பிந்திப்போனான். “இன்னொரு தடவை பிந்தினா அப்படியே வீட்டுக்குத் திரும்பிடு,” என்று சொல்லிவிட்டான் மில் கேட்டுக்காரன் க்ரான்ஷா.

அதிலிருந்து ஏமஸ் படுக்கையில் படுப்பதில்லை. நாற்காலியில் கோழித்தூக்கம். இங்கிலாந்தின் ஓல்டம் தெருக்களில் ஆளைத் தட்டி எழுப்புவதை ‘நாக் அப்’ என்பார்கள். உழைத்து ஓய்ந்து விழுந்தவனுக்கும் அதே சொல்தான். இரண்டும் ஒரே உடம்புக்கு நடப்பதால், யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

ஒருநாள் அவன் விழித்தபோது தெரு சத்தமற்றுக் கிடந்தது. பக்கத்து ஜன்னலில் தட்டு விழவில்லை. கல்தரையில் ஒரு மரச்செருப்புச் சத்தமும் இல்லை. சந்தைக் கடிகாரம் ஐந்தரை அடித்தது. ஆறு மணிக்கு கேட் பூட்டிவிடுவார்கள்.

தெருமுனையில் ஹெட்டியின் கதவைத் தள்ளினான். காய்ச்சலில் முனகிக்கொண்டு கிடந்தாள்.

“என்னக்கா, ஊரே தூங்குது?”

“காலு தரையில நிக்கல ஏமஸ். நீ போ. உன் பொழப்பக் கெடுத்துக்காத.”

இப்போதே கிளம்பினால் அவனுக்கு வேலை நிச்சயம். கதவுக்குப் பின்னால் சாய்ந்திருந்த கோலைப் பார்த்தான். பிறகு எடுத்துக்கொண்டான்.

தட்டினால் மட்டும் போதாது. உள்ளேயிருந்து கண்ணாடியில் பதில் தட்டு வரும்வரை நகரக்கூடாது. இல்லையென்றால் புரண்டு படுத்துவிடுவார்கள். அதுதான் ஹெட்டியின் முறை. ஏமஸும் ஒவ்வொரு ஜன்னலுக்கடியிலும் கழுத்து வலிக்க நின்றான். கடைசி வீட்டு செத் பாக்ஸன் தலையை வெளியே நீட்டினான்.

“யாருடா அது? ஹெட்டிக்கு மீசை முளைச்சிருச்சா?”

“வாய மூடிட்டு ஓடுடா சோம்பேறி! மணி ஆகப்போவுது!”

தெருவே ஓடியது. சட்டைப் பித்தானைப் போட்டபடி, கையில் ரொட்டியோடு, பின்னல் அவிழ்ந்த பெண்கள். செத் இளவட்டம், பாய்ந்து முந்திவிட்டான். ஏமஸுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, நெஞ்சில் பஞ்சுத்தூசி. அவன் மூச்சிரைத்து வந்து சேர்ந்தபோது கேட் மூடிக்கொண்டது. கம்பிக்கு அந்தப் பக்கம் க்ரான்ஷா அவன் கையிலிருந்த கோலைப் பார்த்தான். பூட்டைத் திறக்கவில்லை.

ஏமஸ் கோலை ஹெட்டி வீட்டுக்கே திருப்பிக் கொண்டுபோய் வைத்தான்.

“எல்லாரும் உள்ள போயிட்டாங்களா?” என்றாள் ஹெட்டி.

“போயிட்டாங்க.”

“நீ?”

ஏமஸ் அடுப்பில் கரி அள்ளிப் போட்டான். வெகுநேரம் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

பல வாரங்களுக்குப் பிறகு அன்றிரவு படுக்கையில் படுத்தான். அடுத்தடுத்த நாளும் படுத்தான். எழுந்து போக இடமில்லை. வாரக் கடைசியில் ஒரு நாள், இருட்டிலேயே கண்ணாடியில் மூன்று தட்டு விழுந்தது. ஜன்னலைத் தூக்கிக் குனிந்து பார்த்தான். கீழே சால்வையைச் சுற்றிக்கொண்டு ஹெட்டி.

“எனக்குத்தான் மில்லு இல்லியேக்கா. பாக்கி வேற நிக்குது.”

“பாக்கியா? அது அன்னிக்கே தீந்துபோச்சு. வேலை தேடப் போறவன் மட்டும் உச்சி வரைக்கும் தூங்கலாமோ? ஜன்னலச் சாத்திட்டு ஒழுங்கா தட்டு. எனக்கு இன்னும் ஒரு தெரு பாக்கி இருக்கு.”

சாத்தினான். கண்ணாடியில் அவன் மூச்சு படர்ந்தது. அதன்மேல் விரலை மடக்கித் தட்டினான். கோல் மெல்ல விலகி, அடுத்த ஜன்னலுக்குப் போனது.