இருபது நிமிடத் தூரம்

ஐஸ் பெட்டிக்கு மாற்றும்போது கால் பெருவிரல் கட்டு அவிழ்ந்துவிட்டது. அனிதா மேரி குனிந்து அதைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவின் வலது பாதம் பிரேக்கை மிதிப்பது போலச் சற்று மடங்கியிருந்தது. கம்பத்துக்கும் காமயகவுண்டன்பட்டிக்கும் முப்பத்தொரு வருடம் டவுன் பஸ் ஓட்டியவர் சின்னப்பராஜ். எந்த ஊரையும் அவர் கிலோமீட்டரில் சொன்னதில்லை, நிமிடத்தில்தான் சொல்வார்.

அதனால்தான் அவள் பாடம் அவருக்கு ஒரே தடவையில் பிடிபட்டது. தேனியில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறாள். ஒரு பாக்டீரியா தன் மரபணு இழையை இன்னொன்றுக்குள் மெல்ல மெல்லச் செலுத்தும். குறித்த நிமிடத்தில் குலுக்கிப் பிரித்துவிட்டால், அதுவரை எந்த மரபணு உள்ளே போனது என்று தெரிந்துவிடும். எட்டாவது நிமிடத்தில் ஒன்று, பதினேழில் ஒன்று. வரைபடத்தில் அதன் இடத்தை அந்த நிமிடத்தை வைத்தே குறிப்பார்கள்.

"அப்ப நம்ம ரூட்டு மாதிரிதேன்" என்று அன்றைக்குச் சிரித்தார் அப்பா. "நடுவுல வண்டி நின்னுபோச்சுன்னா கடைசி ஸ்டாப்புக்காரன் கதி?"

"அது போய்ச் சேராதுப்பா."

"பாவம்ல, ஆத்தா."

இன்று காலை அந்தச் சோதனையின் நடுவில்தான் அவர் போன் வந்தது. "ஆத்தா, ஒண்ணு கேக்கணுமே..."

"அப்பா, குழாய் எடுக்கணும். இருபது நிமிசத்துல நானே கூப்பிடுறேன்."

இருபதாவது நிமிடத்துச் சோதனைக் குழாயை மாணவி ஜெபா கைதவறிப் போட்டுவிட்டாள். திரும்ப முதலிலிருந்து செய்தார்கள். அனிதா கூப்பிட்டபோது ஐம்பது நிமிடமாகியிருந்தது. எடுத்தது அம்மா.

இப்போது அம்மா வியாகுலமேரி பெட்டியின் ஓரமாக உட்கார்ந்து, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்: "நெஞ்சு அடைக்குதுன்னாக. ஆட்டோவும் வந்துருச்சு. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்னேன். 'இருடி, எந்த ஆஸ்பத்திரிக்குன்னு புள்ளகிட்ட கேட்டுட்டுப் போவோம். இருபது நிமிசம்னு சொல்லியிருக்கா, தப்ப மாட்டா'ன்னு போனைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்துட்டாக."

"கம்பத்து ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிசம்மா?" தெரிந்தேதான் கேட்டாள்.

"காலையில பன்னெண்டு."

அம்மாவின் குரலில் கோபமே இல்லை. ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அனிதாவுக்கு.

"அம்மா, நான்தான்..."

"முடிச்ச இறுக்காத, ஆத்தா. அவுகளுக்கு வலிக்கும்."

மறுநாள் மாதா கோயில் மணி அடித்ததும் சவப்பெட்டியைத் தூக்கினார்கள். மாலையோடு வந்திருந்த ஜெபாவுக்கு அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. என்ன பேசுவதென்று தெரியாமல், "கல்லறைத் தோட்டம் ரொம்பத் தூரமா மேடம்?" என்று கேட்டாள்.

"எட்டு நிமிசம்."

தூக்கியவர்கள் எட்டிப் போட்டு நடந்தார்கள். அனிதா ஓடிப்போய் முன்னால் இருந்த தம்பி அமல்ராஜின் தோளைத் தொட்டாள்.

"ஏலே, மெதுவாப் போங்க."

கொஞ்ச தூரம் மெதுவாகப் போனார்கள்.