கார்டு மாற்ற ஒரு நல்ல நாள்

மருதுவின் கணினியில் ஆட்டம் வேகமாக ஓடப் புதுக் கிராபிக்ஸ் கார்டு வாங்குவதென்று முடிவாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. வாங்கத்தான் இல்லை. முதலில் பேச்சு வந்தபோது, தீபாவளி கழியட்டும், கூட்டம் ஓய்ந்தால் விலை இறங்கும் என்றான். தீபாவளி கழிந்து மார்கழி பிறந்தது. மார்கழியில் யாராவது புதுப் பொருள் வாங்குவார்களா என்று கேட்டான். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது எழுந்து நிற்கவே சோம்பல்படுகிற மனுஷன், திடீரென்று பஞ்சாங்கம் பேசினான். தையில், அடுத்த மாடல் வரப்போகிறதாம், இப்போது வாங்குகிறவன் ஏமாளி என்றான். மாசியில் செய்முறைத் தேர்வு, பங்குனியில் பொதுத்தேர்வு. சித்திரை வந்ததும் எல்லாவற்றையும்விட வசதியான சாக்கு கிடைத்தது. திருவிழா நேரத்தில் டவுனுக்குள் வண்டி போகுமா?

மருதுவுக்கு வயது நாற்பத்து மூன்று. வீடு விளாங்குடியில், வேலை மேலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில், வேதியியல் வாத்தியார். நண்பர்கள் அவனைக் கஞ்சன் என்று முடிவு கட்டியிருந்தார்கள். அது அநியாயம். டீக்கடையில் முதலில் பைக்குள் கைவிடுகிறவன் அவன்தான். வழக்கமாக இந்த மாதிரி விஷயத்தில் புருஷன் ஆசைப்படுவான், பெண்டாட்டி முட்டுக்கட்டை போடுவாள். அந்த வீட்டில் எல்லாம் தலைகீழாக இருந்தது. வாங்குங்க, வாங்குங்க என்று நச்சரித்தது அவன் மனைவி சத்யப்ரியாதான். அவளுக்கும் அவன் ஆடுகிற கணினி ஆட்டத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் மாதம் தவறாமல் கேட்டாள்.

ஆட்டம் சனிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு. கூடப் படித்தவர்கள் நாலு பேர், ஆளுக்கொரு பக்கம் அவரவர் வீட்டில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொள்வார்கள். இடிந்துபோன ஒரு நகரம், எதிரே இன்னொரு அணி. சுட வேண்டும், சுடப்படக்கூடாது. அவ்வளவுதான் விஷயம். மருது மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு தூரத்திலிருந்து குறி வைக்கிறவன். நாலு வருஷமாக அந்த அணி ஜெயித்ததெல்லாம் அவன் விரலால்தான் என்று தலைவன் பாண்டிராஜே ஒத்துக்கொள்வான். செல்லூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பாண்டிராஜ் சுலபத்தில் எதையும் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை.

அந்த விரலுக்குத்தான் புரட்டாசியிலிருந்து என்னவோ ஆகிவிட்டது. எதிரி சந்து முனையைத் தாண்டி ஓடுவான். மருது அழுத்துவான். குண்டு போய்ச் சேரும்போது அந்த ஆள் அடுத்த தெருவில் இருப்பான். ஒரு கண் சிமிட்டும் நேரம்தான் பிந்தியது, ஆனால் ஒவ்வொரு தடவையும் பிந்தியது. கார்டு கிழடாகிவிட்டது, அஞ்சு வருஷமாச்சில்ல, மாற்று என்று பாண்டிராஜ் சொல்லிப் பார்த்தான். மருது மாற்றுகிற வழியாக இல்லை. கடைசியில், மனசு நோகாமல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, “மாப்ள, நீ கொஞ்ச நாளைக்கு மருந்துப் பெட்டியத் தூக்கிட்டு எங்க பின்னாடி வா” என்றான். அதிலிருந்து மருது அடிபட்டவர்களுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தான்.

அவன் ஏன் வாங்கவில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய விஷயமாகவும் அது இல்லை.

அவனுடைய அப்பா விருமாண்டி லாரி ஓட்டினவர். நாற்பத்து நாலாவது வயதில் அவர் கை மெதுவாகிப்போனது. நடுக்கம் பிறகுதான் வந்தது, முதலில் வந்தது தாமதம். சட்டைப் பொத்தானைப் போட ஐந்து நிமிஷம் எடுத்தார். கியர் மாற்றக் கை போய்ச் சேர்வதற்குள் வண்டி இரைந்தது. தூக்கம் பத்தவில்லை என்று அவரே சொல்லிக்கொண்டார். இரண்டு வருஷம் கழித்து, ரோட்டோரப் புளியமரத்தில் வண்டியைச் சாத்திய பிறகுதான், அது நடுக்குவாதம் என்று டாக்டர் சொன்னார். பிள்ளைகளுக்கு வருமா என்று மருதுவின் அம்மா கேட்டாள். பெரும்பாலும் வராது என்றார் டாக்டர். அப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்த மருது அந்தப் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். இருபத்தைந்து வருஷமாகியும் விடவில்லை.

ஆக, அவன் கணக்கு இதுதான். புதுக் கார்டைப் போட்டு, குறியும் திரும்பிவிட்டால் நல்லது. போட்ட பிறகும் குண்டு பிந்தினால்? அப்புறம் பழி போட எதுவும் மிச்சமிருக்காது, கையைத் தவிர. வாங்காமல் இருக்கும்வரை குற்றவாளி கணினிதான். ஆட்டம் எத்தனை வேகத்தில் ஓடுகிறது என்று திரையின் மூலையில் ஓர் எண்ணைக் காட்ட வைக்கலாம். ஒரு சொடுக்கில் தெரிந்துவிடும். அதைக்கூட அவன் போட்டுப் பார்க்கவில்லை. கணினி சரியாகத்தான் ஓடுகிறது என்று அந்த எண் சொல்லிவிட்டால் என்ன செய்வது?

பயம் வந்துவிட்டால் சும்மா இருக்குமா, வீடு முழுக்கத் துணை தேடும். கையெழுத்து சின்னதாகிவிட்டதோ என்று பழைய டைரியை எடுத்து ஒப்பிட்டான். ஆய்வகத்தில் பியூரெட் என்ற கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டுக் காட்டும்போது ஒரு சொட்டு கூடிப்போய் குடுவையில் நிறம் முற்றிவிட்டது. எந்த வாத்தியாருக்கும் நடக்கிறதுதான். ஆனால் அன்றிலிருந்து ஏதாவது ஒரு மாணவியை அழைத்து, நீ செய்மா, எல்லாரும் பாருங்க என்று ஒதுங்கிக்கொண்டான். வீட்டில் பொத்தான் இல்லாத பனியன் சட்டைகளாகப் போட ஆரம்பித்தான்.

அழகர் ஆற்றில் இறங்கி, மண்டகப்படிகளை எல்லாம் முடித்து, மலைக்கும் திரும்பிவிட்டார். டவுனில் வண்டிகள் ஓட ஆரம்பித்தன. மருது அடுத்த சாக்கை யோசிப்பதற்குள் சத்யப்ரியா முந்திக்கொண்டாள். சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கைகழுவும்போது சொன்னாள். “நீங்க டவுனுக்குப் போக வேணாம். கடையே வீட்டுக்கு வருது.”

மூன்று மணிக்கு ஸ்கூட்டரில் வந்து இறங்கியது பவதாரிணி என்ற பெண். இருபத்து நாலு வயது இருக்கும். கணினி விற்கும் கடையில் பாகங்களைப் பூட்டிக் கொடுப்பது அவள் வேலை. தோளில் பை, கையில் பெட்டி. அந்தப் பெட்டியைப் பார்த்ததும் மருது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். இன்னும் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

அவன் தன்னாலான தடங்கலெல்லாம் செய்து பார்த்தான். இவ்வளவு பெரிய கார்டு உள்ளே அடங்குமா என்றான். அடங்கும் சார் என்றாள். மின்சாரம் தாங்குமா என்றான். தாங்கும் என்றாள். இந்த வெயிலில் சூடாகாதா என்றான். அவள் மின்விசிறியைக் காட்டினாள். காபி கொடுத்தான், குடித்தாள். இன்னொரு காபி கொண்டுவரட்டுமா என்று கேட்டபோது சத்யப்ரியா முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டான்.

“முதல்ல பழசுல ஒரு ஆட்டம் ஆடுங்க சார். இது எம்புட்டு வேகம் தருதுன்னு குறிச்சுக்கிட்டு மாத்துனாத்தான், புதுசு எம்புட்டு கூடத் தருதுன்னு தெரியும்” என்றாள் பவதாரிணி.

மாற்றத்துக்கு முன்னால் ஓர் அளவு, பின்னால் ஓர் அளவு. இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு அவன் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான். மறுத்துப் பேச வாத்தியாருக்கு வழியில்லை. உட்கார்ந்தான். அவன் ஏழு மாதமாக ஒதுக்கி வைத்திருந்த அந்த எண்ணை, அந்தப் பெண் ஒரே சொடுக்கில் திரையின் மூலையில் போட்டாள்.

இருபத்திரண்டு. திரை ஒரு நொடிக்கு இருபத்திரண்டு படம்தான் காட்டுகிறது என்று அர்த்தம். பவதாரிணி முகத்தைச் சுளித்தாள். இந்தக் கார்டு பழசுதான், ஆனால் அவ்வளவு மோசமில்லை, கண்ணை மூடிக்கொண்டு நூறு தர வேண்டுமே என்றாள். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, மேஜையை ஒரு முழம் இழுத்து, கணினிப் பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து செல்போன் வெளிச்சத்தை அடித்தாள்.

“சார், இந்த ஒயர யாரு மாத்திச் சொருகுனது?”

மருது ஒன்றும் புரியாமல் பார்த்தான். அவள் விளக்கினாள். திரைக்குப் போகிற ஒயரைச் சொருகப் பின்பக்கம் இரண்டு இடம் உண்டு. கீழே இருப்பது கிராபிக்ஸ் கார்டினுடையது. மேலே இருப்பது எல்லாப் பாகங்களும் உட்காரும் பலகையான மதர்போர்டினுடையது, கார்டே இல்லாதவர்களுக்காக வைத்தது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மேலே சொருகினாலும் படம் தெரியும். ஆனால் கார்டுக்கு வேலையே இருக்காது. உள்ளே அது பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருக்கும்.

“பெட்டியில சந்தனம் குங்குமம் காஞ்சு போய் ஒட்டியிருக்கு. ஆயுத பூஜைக்கு எடுத்து வச்சீங்களா?”

கதவோரம் நின்ற சத்யப்ரியாவின் முகம் வெளுத்துவிட்டது. ஆயுத பூஜையன்று மருது பள்ளிக்கூடத்துப் பூஜைக்குப் போயிருந்தான். மற்ற வருஷங்களில் கணினிக்கு இருந்த இடத்திலேயே ஒரு பொட்டு வைப்பதோடு சரி. அந்த வருஷம் அவள், தையல் மிஷினையும் அருவாமனையையும் கழுவித் துடைத்த கையோடு, இதையும் ஒழுங்காகச் செய்வோமே என்று எல்லா ஒயரையும் உருவி, பெட்டியைத் தூக்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, துடைத்துப் பொட்டிட்டு, மாலை போட்டாள். மறுநாள் விஜயதசமிக்குத் திரும்பக் கொண்டுபோய் வைத்து, எது எதில் நுழைந்ததோ அதில் அதைச் சொருகினாள். போட்டதும் படம் வந்தது. அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பவதாரிணி ஒயரை உருவிக் கீழே மாட்டினாள். ஆடுங்க சார் என்றாள்.

மணி நாலு தாண்டியிருந்தது. பாண்டிராஜும் மற்றவர்களும் ஏற்கனவே உள்ளே இருந்தார்கள். மருது மருந்துப் பெட்டியை வேண்டாமென்று தள்ளிவிட்டு, பழைய மொட்டைமாடிக்கு ஏறிப் படுத்தான். மூலையில் எண் நூற்றுப் பத்து என்றது. சந்தின் முனையில் ஒருவன் எட்டிப் பார்த்து ஓட எடுத்தான். மருது அழுத்தினான். அந்த ஆள் அங்கேயே விழுந்தான். இன்னொருவன். அவனும் விழுந்தான். மூன்றாவது ஆள் சுவரைத் தாண்டிக் குதித்தபோது நடுவானத்திலேயே முடிந்தது. ஹெட்போனில் பாண்டிராஜ், யாருடா அது மாடியில, நம்ம மருதுவா என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

மருது ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிப்போனதை அவனால் உணர முடிந்தது. முதலில் சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணீரும் வந்துவிட்டது. கூசாமல் அழுதான். கணினி சரியானதற்கு அழுகிற வாத்தியாரை அந்தப் பெண் அதுவரை பார்த்திருக்க மாட்டாள். அவள் மரியாதையாகத் திரும்பிக்கொண்டு, பிரிக்காத பெட்டியைப் பைக்குள் வைத்தாள்.

“இப்ப நீங்க வாங்க வேணாம் சார். இதே கார்டு இன்னும் ரெண்டு வருசம் தாராளமா ஓடும். ஆட்டம் அறுபதுக்குக் கீழ இறங்குனா அப்பக் கூப்பிடுங்க. அதுக்கு முன்னாடி பின்பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கங்க.” விற்க வந்த பொருளை விற்காமலே அவள் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனாள். நல்ல பிள்ளை.

அவளை வழியனுப்பிவிட்டு சத்யப்ரியா உள்ளே வந்தாள். அவன் கோபப்படுவான் என்று நினைத்திருந்தாள் போல. என்னாலதான் இம்புட்டும் என்று ஆரம்பித்தாள். மருது கையை ஆட்டி நிறுத்தினான். இனிமேல் மறைத்து வைக்க ஒன்றுமில்லை.

“சத்யா, கைன்னு நெனச்சேன். அப்பா கை மாதிரின்னு.”

“நானுந்தான்” என்றாள் அவள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சொன்னாள். வீட்டில் போடும் பொத்தான் வைத்த சட்டைகள் துவைக்க வருவது நின்றுபோனதை அவள் தையிலேயே கவனித்துவிட்டாள். அவன் காபி டம்ளரைப் பாதிதான் நிரப்புகிறான் என்பதையும் பார்த்தாள். கல்யாணமாகி வந்த புதிதில் இரண்டு வருஷம் மாமனாருக்கு ஸ்பூனில் சோறு ஊட்டியவள் அவள். அவளுக்கு எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டால் அவன் உடைந்துபோவான் என்று கேட்கவில்லை. கார்டை மாற்றிப் பார்த்துவிட்டால் ஒன்று தூங்கலாம், இல்லையென்றால் டாக்டரிடம் ஓடலாம் என்றுதான் மாதாமாதம் நச்சரித்திருக்கிறாள்.

“மாமாவ ரெண்டு வருசம் யாருமே டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போகல. அதான் அவசரப்பட்டேன். நீங்க என்னடான்னா மார்கழிங்கிறீக, திருவிழாங்கிறீக.”

ஒரே பயத்தை இரண்டு பேரும் ஆளுக்கொரு அறையில் வைத்துக்கொண்டு இத்தனை மாதம் ஒரே வீட்டில் புழங்கியிருக்கிறார்கள். ஒருத்தர் தள்ளிப்போட்டார், இன்னொருத்தர் துரத்தினார். அவளை நினைத்தபோது அவனுக்கு வெட்கமாக இருந்தது.

ஒன்றுமில்லைதான், இருந்தாலும் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடலாமா என்று அவள் கேட்டாள். வேண்டாமென்று சொல்லிவிடுவானோ என்று தயங்கித்தான் கேட்டாள்.

“காட்டிருவோம். திங்கக்கிழமையே போவோம்” என்றான் மருது.

அவள் எழுந்து வந்து அவன் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துப் பார்த்தாள். அது சும்மா கிடந்தது. நடுங்கிக்கொண்டிருந்தது அவள் கைதான். அது ஓயும்வரை மருது அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.