கரிக் கண்ணாடி

அப்பாசாமி தொட்ட பொருள் பிழைத்ததும் இல்லை, ஒரேயடியாகச் செத்ததும் இல்லை. மலாக்காவின் காஜா பேராங்கில் அவனைத் தெரிந்தவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். ரப்பர் கிடங்கில் கணக்கெழுதும் வேலை. ஆனால் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியதும் கையில் திருப்புளி ஏறிவிடும். தகரக் கூரையில் ஓர் ஓட்டையை அடைப்பான். அடுத்த மழைக்கு அதன் பக்கத்தில் இன்னொன்று ஒழுகும். குழாயைச் சரிசெய்தால் தண்ணீர் வரும், யாரோ விக்கி அழுகிற சத்தத்தோடு வரும். உடைந்த பெட்டிகளிலிருந்து வால்வுகளைப் பொறுக்கி அவனே ஒரு ரேடியோ கட்டினான். மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் முழங்கிய அன்று காலை அக்கம்பக்கத்தாரை எல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்தான். ரேடியோ முழக்கத்தில் பாதியை விழுங்கிவிட்டு இருமத் தொடங்கியது. கூட்டம் எழுந்து காப்பிக்கடைக்கு ஓடியது. நாட்டுக்கெல்லாம் முழுச் சுதந்திரம், அப்பாசாமி வீட்டுக்குப் பாதிதான் என்று பக்கத்து வீட்டுப் பொன்னையா ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார்.

அவன் மனைவி சிவகாமசுந்தரியும் சிரிப்பாள். ஆனால் ஏணியைப் பிடிப்பதும் அவள்தான், ஆணியைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்பதும் அவள்தான். சின்ன வயதில் வந்த அம்மை அவளுடைய இடது கண்ணில் பால் ஊற்றியதுபோல் ஒரு திரையைப் போட்டுவிட்டுப் போயிருந்தது. மிச்சமிருந்த வலது கண்ணை வைத்துக்கொண்டு அவள் ஊசியில் நூல் கோக்கிற வேகத்துக்கு இரண்டு கண் உள்ளவர்கள் நெருங்க முடியாது. தெருவில் பாதிப் பெண்கள் போட்டிருந்த ரவிக்கை அவள் தைத்தது.

தொலைநோக்கி கட்ட வேண்டும் என்ற கிறுக்கு அப்பாசாமிக்குப் பிடித்தபோதும் அவள் தடுக்கவில்லை. பழைய கப்பல் சாமான் விற்கிற கடையிலிருந்து தடித்த சன்னல் கண்ணாடி இரண்டு வாங்கிவந்தான். பின்பக்கத்து வாசலில் ஒரு தார் பீப்பாயைக் கவிழ்த்து, அதன் மேல் ஒன்றை வைத்து, மணல்பொடியும் தண்ணீரும் விட்டு மற்றதால் தேய்த்தான். தேய்த்துக்கொண்டே பீப்பாயைச் சுற்றிவர வேண்டும். செக்குமாடு தோற்றது. அவன் கை ஓய்ந்தால் அவள் சுற்றுவாள். குழிந்த கண்ணாடிக்கு ரசம் பூசி, தகரத்தைச் சுருட்டிக் குழாயாக்கி, அதற்குள் பொருத்தி ஒருவழியாக நிறுத்தியபோது, அவன் வாழ்க்கையிலேயே முதன்முறையாக ஒரு பொருள் ஒழுகாமல், இருமாமல் வேலை செய்தது.

அதில் ஒரு நாள் மங்கலான ஒரு புகைத்திட்டை அவளுக்குக் காட்டினான். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"நேரா பாக்காத, சுந்தரி. கொஞ்சம் தள்ளி, ஓரத்தப் பாரு. கண்ணுக்கு நடுவுல மங்கலா இருக்கறது தெரியாது. பக்கத்துல பாத்தா அது தானா தெரியும்."

அவள் பார்வையைத் தள்ளி வைத்தாள். திட்டு வந்துவிட்டது.

"நல்ல வெக்கக்காரிதான். நேரா பாத்தா ஒளிஞ்சிக்கிறா," என்றாள். அவன் அன்றைக்குப் பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

சித்திரை பிறந்த வாரத்தில் சூரிய கிரகணம் வந்தது. இரவில் அவன் காட்டிய வெள்ளியும் வியாழனும் தெருவுக்குப் போதவில்லை. பகலில் சூரியனையே காட்டி எல்லோர் வாயையும் அடைத்துவிடுவது என்று அப்பாசாமி முடிவு கட்டியிருந்தான். சூரியனை வெறுமனே பார்த்தால் கண் வெந்துவிடும் என்பது அவனுக்குத் தெரியும், தெரியாமல் இல்லை. பட்டறை வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கே என்று கூப்பிடுவார்கள், இரும்பு ஒட்டும்போது போடுகிற மூக்குக் கண்ணாடியின் கறுப்புச் சில்லைச் சும்மாவே எடுத்து நீட்டினார். அப்பாசாமி வாங்கவில்லை. "வாங்கினா அது வாங்கினது தவுக்கே, செஞ்சது இல்ல," என்று சொல்லிவிட்டு வந்தான். எவ்வளவு பெரிய பேச்சு பாருங்கள். வீட்டுக்கு வந்து ஒரு சன்னல் சில்லை மண்ணெண்ணெய் விளக்குக்கு மேல் பிடித்தான். கரி நன்றாகப் படிந்தது. அதை வெட்டித் தொலைநோக்கியில் கண் வைக்கிற இடத்தில் பொருத்தினான்.

அன்று காலை தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. அடுப்பு எரியவில்லை. வீட்டுக்கு வீடு தாம்பாளத் தண்ணீரில் உலக்கையை நிறுத்தி, கிரகணம் விடும்வரை அது விழாமல் நிற்கிறதா என்று உள்ளேயே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொன்னையா மட்டும் சன்னலை ஒரு விரல் திறந்தார். அவர் பல தலைமுறைக்கு முன்பே அங்கே குடியேறிய மலாக்காச் செட்டி. வீட்டில் பேசுவது மலாய், சாமியிடம் பேசும்போதுதான் தமிழ் எட்டிப் பார்க்கும்.

"அப்பாசாமி, ஜாங்கான் தெங்கோ. பார்க்க வேண்டாம் லா. சாமி மாரா, கோபம் வரும்," என்றார்.

"சாமி கோவிச்சிக்காது. நிழல்தான் அது," என்று சிரித்தான் அப்பாசாமி.

முதலில் அவன் பார்த்தான். ஓரம் கடித்த அப்பம்போல் சூரியன் செக்கச் சிவந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் கண்ணை எடுத்துவிட்டு அவளைக் கூப்பிட்டான். அவள் குனிந்து கண்ணை வைத்தாள். அவன் பக்கத்தில் நின்று, "கடி பெருசாகும் பாரு. அசையாத. கண்ண எடுக்காத," என்றான்.

டிக் என்று ஒரு சத்தம். பல்லி கொட்டுவதைவிடச் சின்னச் சத்தம்.

அவள் கத்தவில்லை. தலையை மெதுவாகத் தூக்கி, "என்னங்க, வெள்ளையா போச்சு," என்றாள். அப்பாசாமி கரிக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தான். சூட்டில் நட்டநடுவே பிளந்து, ஒரு பக்கக் கரி உதிர்ந்து கிடந்தது. அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். ஏன் போட்டான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அவள் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு நிதானமாகவே சொன்னார். கண்ணின் பின்னால் நடுப்புள்ளி வெந்துபோய்விட்டது. எந்தக் கண்ணாடி போட்டாலும் அது திரும்பாது. அதற்குமேல் அவர் இன்னும் ஏதோ சொன்னார். நடு போய்விட்டது என்பதைத் தாண்டி அப்பாசாமியின் காதில் ஒன்றும் ஏறவில்லை.

தெருவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கிரகண தோஷம். பாம்பு பிடித்த சூரியனைப் பெண்பிள்ளை பார்க்கலாமா? பரிகாரத்துக்கு வழி சொன்னார்கள், கோவிலில் அர்ச்சனைக்குச் சொன்னார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அவன் காதுபடவே ஒருத்தர் சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் வானத்தைத் திட்டினார்கள், அவன் திமிரைத் திட்டினார்கள். அந்தக் கண்ணாடிச் சில்லை மட்டும் யாரும் கேட்கவில்லை. திட்டுகிறவர்கள் சரியான இடத்தில் திட்டினாலாவது ஆறுதலாக இருந்திருக்கும். தப்பித்துக்கொண்டோம் என்பதுதான் அவனை அரித்தது.

சும்மா இருக்கத் தெரிந்த மனிதனா அவன்? பைத்தியம் பிடித்தவன்போல் செய்யத் தொடங்கினான். வில்லை வில்லையாகத் தேய்த்து அவள் கண்ணுக்கு முன்னால் பிடித்து, "இப்ப?" என்பான். "இல்லீங்க," என்பாள். இன்னொன்று தேய்ப்பான். படுக்கையிலிருந்து சமையற்கட்டுக்குக் கயிறு கட்டினான். அவள் அதில் கழுத்து மாட்டி நின்றாள். ஊசியில் நூல் கோக்க ஒரு கம்பிப் பொறி செய்தான். அது நூலை அறுத்தது. ரேடியோவைப் பிரித்து அவளுக்குப் பாட்டாவது கேட்கட்டும் என்று திரும்பக் கட்டினான். இருமிக்கொண்டிருந்தது ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டது. கிடங்குக்கும் ஒழுங்காகப் போவதில்லை. சாப்பாடும் இறங்கவில்லை. தொலைநோக்கியைக் கோடாலியால் பிளந்து பீப்பாய்க்குள் போட்டான். அதனாலும் யாருக்கும் கண் வரவில்லை.

எல்லாவற்றையும்விட ஒன்று அவனைக் கொன்றது. அவள் அவன் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். பேசினால் பதில் சொல்வாள். முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். அவன் எதிரே வந்து உட்கார்ந்தால் கதவைப் பார்ப்பாள். கதவுப் பக்கம் போய் நின்றால் சுவருக்குத் திரும்புவாள். அவன் விடமாட்டான். சுற்றிச் சுற்றிப் போய் அவள் பார்வைக்கு நேரே நிற்பான். உடனே அவள் முகம் இன்னொரு பக்கம் போய்விடும். பீப்பாயைச் சுற்றியதுபோல் மனைவியைச் சுற்றினான். வெறுத்துவிட்டாள், பார்க்கவே பிடிக்கவில்லை என்று அவன் மனம் அடித்துச் சொல்லியது. வெறுக்கட்டும், நியாயம்தான். ஆனால் அதைத் தாங்கிக்கொண்டு உயிரோடு இருப்பது எப்படி என்றுதான் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, புக்கிட் ரம்பாயிலிருந்து அவள் அண்ணன் ராஜரத்தினம் தன் லாரியை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். கூடவே ஒரு ஆளும் வந்தான். ராஜரத்தினம் உள்ளே வந்து, கட்டியிருந்த கயிறுகளையும் சிதறிக் கிடந்த வில்லைகளையும் பார்த்தார்.

"மாப்ள, நான் சண்ட போட வரல. தோஷம் புடிச்ச வீடு இது. தங்கச்சிய கொஞ்ச நாளு எங்க வீட்ல வெச்சிக்கிறேன். அவ அண்ணி இருக்கா, புள்ளைங்க இருக்கு. பாத்துக்குவாங்க."

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ஆள் தையல் இயந்திரத்தைத் தூக்கி லாரிக்குக் கொண்டுபோனான். அதைப் பார்த்ததும் அப்பாசாமிக்குப் புரிந்துவிட்டது. போனால் திரும்பமாட்டாள். தடுக்கவோ தனக்கு வாய் இல்லை. அவன் உள்ளே போய்க் கிரகணத்தன்று போட்டிருந்த சட்டையை எடுத்துவந்து, பையைத் துழாவி, பிளந்த கண்ணாடியை மச்சான் கையில் வைத்தான்.

"தோஷம் இல்ல மச்சான். இதுதான். நான் செஞ்சது. நல்ல கண்ணாடி ஒருத்தர் குடுத்தாரு, வேணாம்னு வந்தேன். இது வெடிச்சது. ஒத்தக் கண்ணுக்காரின்னு தெரிஞ்சே கூப்புட்டேன். கண்ண எடுக்காதன்னு நான்தான் சொன்னேன்."

ராஜரத்தினம் கண்ணாடியைப் புரட்டிப் பார்த்தார். அவர் முகம் கறுத்தது. கை ஓங்கினார், அப்பாசாமி நகரவில்லை, அடி விழுந்தால் தேவலை என்று நின்றான்.

"அண்ணே, விடுங்க. எனக்குத் தெரியும்," என்றாள் சிவகாமசுந்தரி. நாற்காலியில் உட்கார்ந்து வழக்கம்போல் முகத்தைச் சுவருக்குத் திருப்பியிருந்தாள். "டிக்குன்னு சத்தம் எனக்கும் கேட்டிச்சு. அவரு எடுக்காதன்னாரு, ஒரு நொடி எடுக்காம இருந்துட்டேன்."

"தெரிஞ்சும் இங்க இருக்கியா? எந்திரி. இந்த மனுசன் மொகத்த நீ திரும்பிப் பாக்கறதுகூட இல்லன்னு தெருவே சொல்லுது."

"ஆமா மச்சான். கூட்டிட்டுப் போங்க," என்றான் அப்பாசாமி. "அவளால என்னப் பாக்க முடியல."

"பாக்கலன்னு யாரு சொன்னா?" என்றாள் அவள்.

இருவரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"நேரா பாத்தா நீங்க இருக்கற எடத்துல ஒண்ணுமே இல்ல. சட்ட இருக்கு, கால் இருக்கு, மேல ஒரே வெள்ள. கொஞ்சம் தள்ளிப் பாத்தாத்தான் மொகம் வருது. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க, ஓரத்தப் பாரு, தானா தெரியும்னு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்." அவள் குரல் உயர்ந்தது. "நான் கஷ்டப்பட்டு உங்களப் புடிச்சி வெப்பேன். நீங்க ஓடி வந்து எதுக்க நின்னுக்குவீங்க. மொகம் போயிடும். மறுபடி திரும்புவேன். மறுபடி ஓடி வருவீங்க. எனக்கு அழுகையா வரும்."

அப்பாசாமிக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. கதவு, சுவர், சன்னல் என்று அவள் திரும்பிய ஒவ்வொரு தடவையும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அவனே ஓடிப்போய்த் தன்னை அழித்திருக்கிறான்.

"கோவம் இல்லன்னு சொல்லல," என்றாள் அவள். "கோவம் இருக்கு. ரொம்ப நாளு இருக்கும். ஆனா அங்க வந்து உங்க புள்ளைங்களையும் சுவத்தப் பாத்துத்தான் பாக்கணும், அண்ணே. அந்தச் சுவத்த இங்கயே பாக்கறேன். மிஷின எறக்கச் சொல்லுங்க."

 ராஜரத்தினம் கண்ணாடிச் சில்லை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். இயந்திரம் லாரியிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டது.

அப்பாசாமி தன்னையறியாமல் அவளை நோக்கி ஓர் அடி வைத்தான்.

"அசையாதீங்க," என்றாள்.

அவன் நின்றான். அவள் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தாள். பிறகு முகத்தை ஒரு விரற்கடை நகர்த்தினாள். கூரையில் எங்கோ ஓர் ஓட்டை வழியாக வெயில் புள்ளியாக விழுந்துகொண்டிருந்தது. அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்து மோவாய்க்கு வந்தது. துடைக்கக் கை போனது, பாதியில் நிறுத்திக்கொண்டான். அவள் நாட்காட்டியையே பார்த்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"சவரம் பண்ணவே இல்லையா," என்றாள்.