கல்முனைக்கு ஒரு மலை தேவை

1.

பிறகு மாட்டிக்கொள்வதைவிட முதலிலேயே சொல்லிவிடலாம்: இந்தக் கதை ஓர் அச்சாறுப் போத்தலிலிருந்து, அதுதான் ஊறுகாய்ப் போத்தலிலிருந்து, பிறந்தது.

ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த மத்தியானம். இதை எழுதுகிறவனும் அவனுடைய சகலன் ஷிப்லியும் விறாந்தையில் உட்கார்ந்திருந்தார்கள். ஷிப்லி, எழுதுகிறவனின் மனைவி றஸ்னாவின் ராத்தாவை, அதாவது அவளுடைய மூத்த சகோதரியை, கலியாணம் முடித்தவர். குசினிக்குள்ளிருந்து றஸ்னா கூப்பிட்டாள்.

“மச்சான், ஒருக்கா வாங்களன்!”

“என்ன?” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் கணவனும் மச்சான்தான், ராத்தாவின் கணவரும் மச்சான்தான். ஒரு சொல்லுக்கு இரண்டு ஆம்பிளை. இத்தனை காலமும் அதனால் ஒருவருக்கும் நட்டமில்லை. அன்றைக்கு ஷிப்லி எழும்பிப் போனார். இறுகிப்போன அச்சாறுப் போத்தலின் மூடியைத் திறந்து கொடுத்தார். றஸ்னா சிரித்த சத்தம் விறாந்தை வரைக்கும் வந்தது. அவ்வளவுதான் நடந்தது.

(‘நான்’ என்று எழுதலாம். எழுதினால் வீட்டில் சோறு கிடைக்குமா தெரியாது. ஆகவே ‘எழுதுகிறவன்’ என்றே போகட்டும்.)

2.

ஆனால் பொறாமைக்கு ஓர் அச்சாறுப் போத்தல் காணாது. “இதுக்காடா?” என்று வாசகர் சிரிப்பார். எழுதுகிறவனுக்கோ சிரிப்பு வரவில்லை. சாப்பிடும்போதும் எரிந்தது, படுக்கும்போதும் எரிந்தது. அந்த எரிச்சலுக்குத் தக்க உயரத்தில் ஒருத்தி நின்று கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் விழுந்து செத்துப்போகிற உயரம்.

எங்கள் ஊர் கல்முனையில் விழுவதற்கு இடமில்லை. பெயரில்தான் கல் இருக்கிறது. மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரைக்கும் கரையோரமாக நடந்து பாருங்கள், ஒரே மணல். கடலரிப்புக்குக் கொட்டிய கருங்கல்லைக் கணக்கில் எடுக்க வேண்டாம், அது லொறியில் வந்தது. ஆகவே எழுதுகிறவன் பொத்துவிலையும் தாண்டித் தெற்கே போய், ஒரு தேசியப் பூங்காவைத் திறந்து, கடலோரம் முழுக்கச் செங்குத்தான பாறைகளை நிறுத்தினான்.*

*வரைபடத்தில் தேடாதீர்கள். இந்தப் பூங்காவுக்கு அனுமதி கொடுத்தது எழுதுகிறவன்தான்.

தொடக்கங்கள்:

“கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. முஸ்தாக்கின் உள்ளமும்—” [வெட்டியது. கடலையும் உள்ளத்தையும் சேர்த்துக் கொந்தளிக்கவிட்டவர்கள் போதும்.]

“அஸ்மியா அழகானவள். அதுதான் அவளுடைய—” [வெட்டியது. றஸ்னா வாசித்தால், யார் அந்த அழகானவள் என்று கேட்பாள்.]

“முஸ்தாக்குக்குச் சியாமின் சப்பாத்தைப் பிடிக்கவில்லை.” [இது இருக்கட்டும்.]

3.

முஸ்தாக்குக்குச் சியாமின் சப்பாத்தைப் பிடிக்கவில்லை. கத்தாரிலிருந்து லீவில் வந்த சியாம், மலையேறுவதற்கென்றே செய்த சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். சம்மாந்துறை அரிசி ஆலையில் வேலை செய்யும் முஸ்தாக்கின் காலில் ரப்பர் செருப்பு.

“மச்சான், என்ட பழைய சோடி ஒண்டு வான்ல இரிக்கி, தரட்டா?” என்று சியாம் கேட்டான்.

“வேணாம். எனக்கு இது பழக்கம்” என்றான் முஸ்தாக். அவனுக்கு மலையே பழக்கமில்லை.

முஸ்தாக்கின் மனைவி அஸ்மியா. சியாம் அவளுடைய ராத்தாவின் கணவன். ராத்தாவுக்கு ஏற்றம் என்றால் மூச்சு வாங்கும், அதனால் அவள் நிறுத்தியிருந்த வானுக்குள்ளேயே இருந்துவிட்டாள். பூங்கா வாசலில் பாதைகளைக் காட்டும் பலகை இருந்தது. கரையோரத் தாழங்காட்டுக்குள்ளால் போவது வெள்ளைப் பாதை. பாலை மரங்களுக்கிடையால் சுற்றிப் போவது மஞ்சள். பாறை உச்சியின் விளிம்பிலேயே போவது சிவப்பு.

“சிவப்புல போவம்” என்றான் சியாம்.

“ஓம், ஓம், சிவப்பு!” என்றாள் அஸ்மியா. முஸ்தாக்கை யாரும் கேட்கவில்லை.

மரங்கள் முடிந்து மொட்டைப் பாறை வந்தது. கல்லில் சிவப்பு அம்புக்குறிகள் போட்டிருந்தார்கள். சியாம் முன்னால், அஸ்மியா நடுவில், முஸ்தாக் பின்னால். இடப்பக்கம் கடல், ஆனால் பக்கத்தில் இல்லை, கீழே, நிறையக் கீழே. கரையில் அலைச் சத்தத்தோடேயே வளர்ந்த முஸ்தாக், அந்தச் சத்தம் காலுக்கடியிலிருந்து வந்தபோது வலப்பக்கமாக ஒதுங்கி நடந்தான். வலப்பக்கத்திலிருந்து கச்சான் காற்று அடித்தது. அது தரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று, ஆளையும் அந்தப் பக்கமே தள்ளும்.

“மச்சி, அந்தக் கல்லுல கால வெக்காதீங்க, உருளும்” என்றான் சியாம் அஸ்மியாவிடம்.

“கத்தார்ல மலையெல்லாம் இரிக்கா மச்சான்?” என்று அவள் கேட்டாள்.

“எங்கால? லிப்ட் இரிக்கி.”

அஸ்மியா விழுந்து விழுந்து சிரித்தாள். மச்சினியும் ராத்தா மாப்பிள்ளையும் பகிடி விடுவது ஊர் வழக்கம், குற்றம் சொல்ல ஏலாது. ஆனால் முந்தின நாள் முஸ்தாக் இதைவிட நல்ல பகிடி ஒன்று சொன்னபோது அவள் “ம்” என்றிருந்தாள். அந்த “ம்”மையும் சுமந்துகொண்டுதான் அவன் இப்போது நடந்தான்.

(இதைவிட நல்ல பகிடியா என்று கேட்காதீர்கள். முஸ்தாக்கின் கணக்கில் நல்ல பகிடி.)

4.

பாதை ஒடுங்கிய இடத்தில் காற்று ஓங்கி அடித்தது. அஸ்மியாவின் கால் சறுக்கியது.

“மச்சான்!”

இரண்டு கைகள் நீண்டன. முன்னாலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று. அவள் முன்னால் நீண்ட கையைப் பிடித்தாள்.

மார்க்கப்படி ராத்தாவின் கணவன் அந்நிய ஆண். அவனோடு பகிடி விடலாம், கை பிடிக்க முடியாது. உயிர் போகிற நேரத்தில் முறை பார்ப்பார்களா என்று கேட்டால், முஸ்தாக்கும் அதை ஒத்துக்கொள்வான். ஆனால் பாதை அகன்ற பிறகும் அவள் கொஞ்ச நேரம் அந்தக் கையை விடவில்லை. அதைப் பார்த்து என் வயிறு [திருத்தம்: முஸ்தாக்கின் வயிறு] பற்றி எரிந்தது.

யாரைக் கூப்பிட்டாள்? வானில் திரும்பி வரும்போது அவன் அதைக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தும் கேட்கவில்லை. வீடு அஸ்மியாவுடையது, எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுடையதுதான். கட்டிக்கொண்டு வந்த மாப்பிள்ளை கோபித்தால் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: உடுப்பை ஒரு பேக்கில் திணித்துக்கொண்டு உம்மா வீட்டுக்குப் போவது. முஸ்தாக்கின் உம்மா நிந்தவூரில் இருக்கிறா. அவன் பேக்கைக் கட்டிலில் வைத்துத் திறந்தான்.

இனி முடிவு. மூன்று எழுதப்பட்டன.

(அ) முஸ்தாக் போய்விடுகிறான். அஸ்மியா கூட்டிவர ஆள் அனுப்பவில்லை. [இதை எழுதிவிட்டு எழுதுகிறவன் குசினிப் பக்கம் ஒருக்கா எட்டிப் பார்த்தான்.]

(ஆ) முஸ்தாக், மலையில் வைத்தே, சியாமின் முதுகில்— [வெட்டியது. எழுத எழுத இவ்வளவு சந்தோசம் வரும் என்று எழுதுகிறவன் நினைக்கவில்லை, பயந்துவிட்டான். ஆனாலும் மனம் கேட்காமல், சியாமின் ஒரு சப்பாத்தை மட்டும் கடலில் விழவைத்தான்.]

(இ) “உங்களத்தான் கூப்பிட்ட நான்” என்கிறாள் அஸ்மியா. முஸ்தாக் பேக்கை மூடுகிறான். [இதை யார் நம்புவார்?]

5.

இந்த இடத்தில் றஸ்னா தேத்தண்ணிக் கோப்பை எடுக்க வந்தாள். வந்தவள் கடதாசிகளை எடுத்து நின்றபடியே வாசித்தாள். எழுதுகிறவன் பறிக்கப் பார்த்தான், அவள் கொடுக்கவில்லை.

“இது ஆரு, இந்த அஸ்மியா?”

“கற்பனை.”

“கற்பனைப் புள்ள என்ட மாதிரித்தான் சிரிக்கா.” அவள் அடுத்த தாளைப் புரட்டினாள். “பாவம் அந்த மனிசன்ட சப்பாத்து. அத என்னத்துக்குக் கடல்ல போட்ட நீங்க?”

சியாமுக்காக அவள் இரங்கியது எழுதுகிறவனுக்குப் பிடிக்கவில்லை. கதைக்குள் இருக்கிறவனுக்காகவுமா இரங்குவது?

றஸ்னா கடைசித் தாள் வரைக்கும் வாசித்தாள். பேக் திறந்து கிடக்கும் இடத்தில் அவளுடைய முகம் மாறியது. அந்தப் பேக் கற்பனை இல்லை என்பது அவளுக்கு விளங்கிவிட்டது.

“இஞ்ச பாருங்க. ஒங்கட உம்மா ஊட்டுக்குப் போற யோசினை ஒங்களுக்கும் இரிக்கா?”

“இது கதை புள்ள.”

“கதைதான். ஒரு கேள்வி கேக்கப் பயந்து, ஒரு மலையக் கட்டி வெச்சிரிக்கீங்க. இப்ப கேளுங்க.”

“என்னத்தைக் கேக்க?”

“அவன் கேக்காம உட்டத்த.”

எழுதுகிறவன் பேனாவை மூடினான், திறந்தான். பிறகு கேட்டான்.

“அண்டைக்கு, அச்சாறுப் போத்தலுக்கு, நீ ஆரக் கூப்பிட்ட?”

“ஒங்களத்தான் கூப்பிட்ட நான்” என்றாள் றஸ்னா. “அவரு வந்தாரு. நீங்க ‘என்ன’ண்டு கேட்டுட்டு இருந்துட்டீங்க.”

கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

6.

அப்படியானால் (இ) தான் சரி, கதை முடிந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். எழுதுகிறவனும் ஒரு நிமிசம் அப்படித்தான் நினைத்தான். ஆனால் “வந்தாரு” என்று சொல்லும்போது அவளுடைய குரல் கொஞ்சம் தணிந்ததா இல்லையா? (பாருங்கள், பதில் கிடைத்த பிறகும் எரிகிறது.)

அதைவிடப் பெரிய பிரச்சினை நான்காம் பகுதியில் இருக்கிறது. “இரண்டு கைகள் நீண்டன.” அந்த வரியை யாரும் பார்த்துச் சொல்லவில்லை, எழுதியதுதான். அஸ்மியா சறுக்கிய நேரம் முஸ்தாக் என்ன செய்தான் என்று இப்போது மறுபடியும் அந்தப் பாறையில் ஏறிப் பார்த்தால், காற்று அடிக்கிறது, அவள் கத்துகிறாள், சியாமின் கை வருகிறது. பின்னால் நிற்கிறவன் “என்ன?” என்று கேட்டதுபோலத் தெரிகிறது. கை தெரியவில்லை.

அந்த வரியை வைத்தால் முஸ்தாக்கின் பக்கம் நியாயம் இருக்கும். பேக்கைத் தூக்கிக்கொண்டு நிந்தவூர் பஸ்ஸில் தலை நிமிர்ந்து ஏறலாம். ‘ஒரு கை நீண்டது’ என்று திருத்தினால் அவன் எங்கேயும் போக முடியாது. அந்த வீட்டிலேயே இருந்து, ஒவ்வொரு நாளும் அஸ்மியாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

வைப்பதா வெட்டுவதா என்பதை நீங்கள் சொல்லுங்கள். குசினியில் றஸ்னா எதையோ தனியாக நகர்த்தும் சத்தம் கேட்கிறது. அவள் யாரையும் கூப்பிடவில்லை. நான் [திருத்தம் இல்லை] இன்னும் உட்கார்ந்துதான் இருக்கிறேன்.